சமுத்திரத்தின் உஷ்ணமும் சோழவரத்து மழையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



 இன்ன பொருளைப் பற்றித்தான் பேசவேண்டும் என்ற நிபந்தனை எதுவும் விதிக்காமல், கேட்போருக்குப் பயன்படுவதாக இருந்தால் போதும் என்று இச்சொற்பொழிவின் அமைப்பாளர்கள் பெருந்தன்மையுடன் கூறினார்கள். சோழவரத்தில் நின்று பேசுபவனுக்கு ஏரியையும் மழையையும் விடப் பயனுள்ள பொருள் வேறு என்ன இருக்க முடியும்? ஆகவே, சமுத்திரங்களின் மேற்பரப்பில் உண்டாகும் வெப்பநிலை மாறுதல்கள், பல்லாயிரம் மைல்களுக்கு இப்பாலுள்ள நம் பிரதேசத்தின் பருவமழையை எவ்வாறு கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன என்பதையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வேரிக்கு வரும் தண்ணீர் இவ்வூர் வானத்தைப் பார்த்து மட்டும் வருவதன்று. அரபிக் கடலும் வங்கக் கடலும் பசிபிக் மகா சமுத்திரமும் எவ்வளவு வெம்மை கொண்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தும் வருகிறது. அந்த வெம்மையைச் சில மாதங்களுக்கு முன்னரே அளந்தறியும் ஆற்றலை விஞ்ஞானம் நமக்கு வழங்கியிருக்கிறது. அறிந்ததைக் கொண்டு ஏரியையும் கால்வாயையும் ஆயத்தம் செய்துகொள்வது நம் கடமை. இம்மூன்றையும் நிறுவுவதே என் நோக்கம்.

ஏரியும் அதன் நீர்வரவும்

சோழவரம் ஏரி இன்று சென்னை மாநகரின் தாகம் தீர்க்கும் நீர்நிலைகளுள் ஒன்று. அதன் கொள்ளளவு 1,081 மில்லியன் கனஅடி. புழல், பூண்டி, செம்பரம்பாக்கம் ஆகியவற்றையும், 2020-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்தின் மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கனஅடியாகும். சோழவரத்தின் பங்கு அதில் பத்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஆயினும் பழமையிலும் இடத்தின் முக்கியத்துவத்திலும் அது பின்தங்கியதன்று. ஃபிரேசர் என்னும் பொறியாளர் வகுத்து 1872-இல் நிறைவேறிய குடிநீர்த் திட்டம், கொசஸ்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் மறித்து, சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து புழலேரிக்கும், புழலிலிருந்து பட்டணத்துக்கும் கொண்டுசென்றது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டபோது இவ்வமைப்பு மேலும் உறுதி பெற்றது.

இவ்வேரிக்குத் தண்ணீர் மூன்று வழிகளில் வருகிறது. மூன்றையும் பிரித்துணர்ந்தால்தான் பின்னர் நான் சொல்லப்போவது விளங்கும். ஆனி முதல் புரட்டாசி வரையிலான தென்மேற்குப் பருவத்தில் மாலையிலும் முன்னிரவிலும் இடியோடு பெய்யும் மழை முதலாவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருக்கும் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அப்பருவம் கைகொடுப்பதில்லை என்ற பொதுக் கூற்று இவ்வட்டாரத்துக்கு முழுவதும் பொருந்தாது. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இங்கே அக்காலத்தில்தான் கிடைக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை இரண்டாவது. ஏரியை நிரப்பும் பெருமழை அதுவே. மூன்றாவது, மகாராஷ்டிரத்தில் மகாபலேஸ்வரத்தருகே பிறந்து வரும் கிருஷ்ணையின் நீர். 1983 ஏப்ரலில் தமிழ்நாடும் ஆந்திரமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. நீர் நமக்கு உரியது. ஸ்ரீசைலத்தில் பிரிந்து, சோமசீலாவையும் கண்டலேறையும் கடந்து, ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் எல்லை தாண்டிப் பூண்டிக்கு அந்நீர் முதன்முதலில் வந்து சேர்ந்தது 1996-இல்.

இந்த மூன்றாவது வழியைக் கவனியுங்கள். மகாபலேஸ்வரத்து மலைச்சரிவில் ஆடி மாதத்து மழை பொய்த்தால், அந்தக் குறை அணைக்கட்டு அணைக்கட்டாக இறங்கி வந்து, சில மாதங்களுக்குப் பின் சோழவரத்து மதகில் தெரியும். மராட்டிய நாட்டு மழைக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக் குடத்துக்கும் இவ்வாறு ஒரு பந்தம் ஏற்பட்டுவிட்டது. மராட்டிய நாட்டு மழையையோ கடலின் வெப்பம் ஆள்கிறது.

கடல் எவ்வாறு மழையை ஆள்கிறது?

நிலம் விரைவில் சூடேறி விரைவில் ஆறும். நீர் மெல்லச் சூடேறி மெல்ல ஆறும். இந்த வேற்றுமையே பருவக்காற்றுக்குக் காரணம் என்று எட்மண்ட் ஹாலி என்னும் ஆங்கில விஞ்ஞானி 1686-இலேயே விளக்கினார். கோடையில் ஆசியப் பெருநிலம் காய்ந்து கொதிக்கும்போது, அதன்மேல் காற்றழுத்தம் குறைய, தென் சமுத்திரத்திலிருந்து காற்று புறப்பட்டு, பூமத்திய ரேகையைக் கடந்து, ஆப்பிரிக்கக் கரையோரமாக வளைந்து, அரபிக் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு நம் மேற்குக் கரையில் மோதுகிறது. அவர் சொன்னது மெய். ஆயினும் முழு மெய்யன்று. நிலத்தின் சூடு மட்டுமே காரணமாயின், சித்திரை வைகாசியில் நிலம் எவ்வளவு மிகுதியாகக் காய்கிறதோ அவ்வளவு மிகுதியாக மழை பெய்யவேண்டும். மழையில்லாத வருஷங்களே பெரும்பாலும் மிகக் காய்ந்த வருஷங்களாக இருப்பது நம் அனுபவம். ஆகையால் வேறொரு காரணமும் இருந்தாக வேண்டும். அதுவே சமுத்திரத்தின் உஷ்ணம்.

வளிமண்டலம் முழுவதும் தாங்கியிருக்கும் வெப்பத்துக்கு ஈடான வெப்பத்தைக் கடலின் மேலுள்ள ஏறக்குறைய மூன்று மீட்டர் நீரே தாங்கிக்கொள்ள வல்லது என்பது பௌதிக சாஸ்திரம் கூறும் செய்தி. காற்று இன்று சூடேறி நாளை ஆறிவிடும்; கடலோ ஒரு பருவத்தில் பெற்ற வெம்மையை அடுத்த பருவம் வரை சேமித்து வைக்கும். அன்றியும், நீர் ஆவியாகும்போது பெருமளவு வெப்பத்தை விழுங்குகிறது; உறைநிலையிலுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல், அதே நீரை ஆவியாக்கத் தேவைப்படுகிறது. அவ்வாறு விழுங்கிய வெப்பத்தை, ஆவி மேலெழுந்து மேகமாகக் குளிரும்போது, வானத்தில் வெளிவிடுகிறது. அந்த வெப்பமே காற்றை மேலும் மேலும் உயரத் தூக்கி, சுற்றிலுமிருந்து ஈரக்காற்றை இழுத்து, ஒரு பெரும் மழைத்தொகுதியை வாழவைக்கிறது. கடல் கடனாகக் கொடுக்கும் வெப்பத்தைக் கொண்டே வானம் இயங்குகிறது என்று சொன்னால் மிகையன்று.

இதிலே மற்றுமொரு நுட்பம் உண்டு. கடல்நீரின் மேற்பரப்பு ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸ் அளவை எட்டும்வரை, அதன்மேல் உயர்ந்தோங்கிய மழைமேகங்கள் திரள்வது அரிது. அவ்வளவைத் தாண்டினால் திரள்வதற்கான தகுதி கைகூடுகிறது. பெங்களூரைச் சேர்ந்த பேராசிரியை சுலோசனா காட்கில் அவர்களும் உடன் உழைத்தோரும் 1984-இல் இவ்வுண்மையை நிலைநாட்டினார்கள். தகுதி கைகூடினால் மழை நிச்சயம் என்று பொருளன்று. காற்றின் போக்கும் அனுகூலமாக இருக்கவேண்டும். ஆனால் தகுதியின்றி மழையில்லை. ஒன்றிரண்டு டிகிரி வேற்றுமை நம் உடலுக்குத் தெரிவதே இல்லை. ஆயினும் 27-க்கும் 29-க்கும் இடையிலுள்ள அந்த இரண்டு டிகிரிதான் ஒரு கடல் மழைமேகத்தைப் பெற்றெடுக்குமா பெற்றெடுக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

நம் இரு கடல்களையும் ஒப்பிட்டால் இது தெளிவாகும். தென்மேற்குக் காற்று மூண்டவுடன், அரபிக் கடலின் மேற்பகுதியில் அது வன்மையாக வீசுவதால், சோமாலியக் கரையோரம் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே வந்து, அக்கடல் பெரும்பாலும் குளிர்ந்துவிடுகிறது. வங்கக் கடலோ அப்பருவத்திலும் வெம்மை மாறாமல் இருக்கிறது. ஏனெனில் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், உப்புநீரின்மேல் மெல்லிய போர்வையாகப் பரவி, அடியிலுள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலே கலக்கவிடாமல் தடுக்கிறது. ஆகவேதான் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் வங்கக் கடலில் அடுத்தடுத்துப் பிறந்து நாட்டின் உட்பகுதிக்கு மழை கொண்டுசெல்கின்றன.

பஞ்சம் பயிற்றிய பாடம்

இவ்வறிவு எளிதில் கிடைத்ததன்று. பெருந்துயரத்தின் விலையாகக் கிடைத்தது. 1876-இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தக்காணத்தையும் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டன்மார்கள் மறக்கவில்லை. அதில் மாண்டவர்கள் அரைக்கோடிக்கும் மேற்பட்டவர்கள். பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, பசியால் வாடியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அக்காலத்திலேதான் வெட்டப்பட்டது. அந்த ஆண்டுகளில் பசிபிக் சமுத்திரத்தில் எல் நினோ என்னும் மிகக் கடுமையான வெம்மையேற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது என்பதை இன்று அறிவோம். அன்று அறிந்தவர் எவருமில்லை. அப்பஞ்சத்தை வளர்த்ததில் ஆட்சியாளரின் வரிக்கொள்கைக்கும் தானிய ஏற்றுமதிக்கும் இருந்த பங்கையும் இங்கே மறைத்தலாகாது. மழை பொய்ப்பது கடலின் செயல்; மழை பொய்த்ததைப் பஞ்சமாக்குவது மனிதரின் செயல்.

அப்பேரழிவுக்குச் சற்று முன்னர், 1875-இல், இந்திய வானிலைத் துறை தோன்றியிருந்தது. அதன் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயமலையின் பனியளவுக்கும் பருவமழைக்கும் தொடர்பு கண்டு, அதைக்கொண்டு முன்னறிவிப்புச் செய்ய முற்பட்டார். சில வருஷங்கள் அது பலித்தது. சில வருஷங்கள் பொய்த்தது. 1904-இல் அத்துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதன்மை பெற்றவர். வானிலை சாஸ்திரத்தில் முன்பயிற்சி இல்லாதவர். நம் நாட்டுக்கு அவர் செய்த உபகாரங்கள் இரண்டு. 1913-இல் சென்னைக்கு வந்தபோது, துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ஓர் இளைஞரின் கணிதக் குறிப்புகளைப் பார்த்து, அவருக்கு உதவித்தொகை அளிக்கவேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்குப் பரிந்து எழுதினார்; அந்த இளைஞரே ஸ்ரீநிவாச ராமானுஜன். மற்றொன்று, உலகெங்கும் சேர்த்த வானிலைக் கணக்குகளை எழுத்தர்களைக் கொண்டு வருஷக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து, இந்தியப் பெருங்கடல் பக்கத்தில் காற்றழுத்தம் ஏறும்போது பசிபிக் பக்கத்தில் இறங்குகிறது, அங்கே ஏறும்போது இங்கே இறங்குகிறது என்று கண்டறிந்தது. ஏற்றத்தின் ஒரு தலை தாழ மறு தலை உயர்வதைப் பார்த்து வளர்ந்த நம் கிராமத்தாருக்கு இது எளிதில் விளங்கும்.

ஆனால் அந்த ஏற்றத்தை மிதிப்பவர் யார் என்பதை வாக்கர் காணவில்லை. நார்வே நாட்டு மரபில் வந்த ஜேக்கப் பியர்க்னஸ் 1969-இல் அதை விளக்கினார். பெரு நாட்டுக் கரைக்கு அப்பால் பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் உள்ள நீர் வழக்கத்துக்கு மாறாக வெம்மை கொள்வதே எல் நினோ. வழக்கத்தைவிடக் குளிர்வது லா நினா. சாதாரணமாக மேற்கு பசிபிக்கில் இந்தோனேசியாவின் பக்கம் வெம்மை மிகுந்திருக்க, அங்கே காற்று மேலெழுந்து மழை பொழியும். எல் நினோ ஆண்டுகளில் வெம்மை கிழக்கே பெயர்ந்துவிட, மேலெழும் காற்றும் உடன் பெயர்கிறது. நம் பக்கத்திலோ காற்று கீழ்நோக்கி அமுங்குகிறது. அமுங்கும் காற்றில் மேகம் திரள்வதில்லை. இதுவே சங்கிலியின் கண்ணிகள் இணையும் விதம்.

கணக்கும் விலக்கும்

கணக்கைப் பார்ப்போம். 1972, 2002, 2009, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழை முறையே ஏறத்தாழ 24, 19, 22, 12, 14 விழுக்காடு குறைந்தது. இவற்றுள் நான்கு தெளிவான எல் நினோ ஆண்டுகள். 2014-இல் பசிபிக் வெம்மை கொள்ளத் தொடங்கியிருந்தது. 2002 ஜூலையில் நாடு பெறவேண்டிய மழையில் ஏறக்குறைய பாதிதான் பெய்தது. இவ்வளவும் ஒரே திசையைச் சுட்டுகின்றன.

ஆயினும், ஒரு விதியைக் கண்டவுடன் அதுவே முழு விதி என்று எண்ணிவிடுவது ஆராய்ச்சியாளருக்கு அழகன்று. 1997-இல் அந்நூற்றாண்டின் மிகக் கடுமையான எல் நினோக்களுள் ஒன்று எழுந்தது. வறட்சி வரும் என்று அஞ்சினார்கள். ஆனால் நாட்டின் மழை இயல்பான அளவைச் சற்றுத் தாண்டியே பெய்தது. இதன் காரணத்தைத் தேடியதில் நம் சொந்தக் கடலின் இரகசியம் ஒன்று வெளிப்பட்டது. இந்திய அறிஞர்களான சாஜி, கோஸ்வாமி, வினயசந்திரன் ஆகியோரும் ஜப்பானியரான யமகாட்டாவும் 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வெம்மையுற்றுச் சுமத்திரா பக்கத்துக் கிழக்குப் பகுதி குளிர்வதும், வேறு ஆண்டுகளில் இது தலைகீழாக மாறுவதும் ஆகிய ஓர் ஊசலாட்டத்தை எடுத்துக்காட்டினார்கள். இன்று அதை இந்தியப் பெருங்கடல் இருமுனை என்கிறோம். மேற்கு வெம்மையுறும் ஆண்டுகளில் பருவமழை ஊக்கம் பெறுவதுண்டு; பசிபிக் தடுப்பதை இந்தியப் பெருங்கடல் ஓரளவு ஈடுசெய்யும். 1997-இல் நிகழ்ந்தது அது. 2019-இலும் இருமுனை மிக வலுவாக எழ, நாட்டின் மழை இயல்பைவிட 10 விழுக்காடு மிகுந்தது. ஆகவே பசிபிக்கை மட்டும் பார்த்து மழையைக் கணிப்பவர், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பவர்.

நம் மண்ணில் இதன் விளைவு

நாடு முழுவதற்குமான கணக்கு நம் வட்டாரத்துக்கு அப்படியே பொருந்துமா? பொருந்தாது. இங்கேதான் நாம் மிகவும் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கிறது.

தென்மேற்குப் பருவத்தில் நமக்கு மழை வரும் விதம் மராட்டியத்திலும் மலையாளத்திலும் வரும் விதமன்று. அங்கே காற்று மலையில் மோதிப் பொழிகிறது. இங்கே வெப்பச்சலனத்தால் பெய்கிறது. நண்பகல் வெயிலில் நிலம் காய்ந்திருக்க, பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்தும் எண்ணூர்ப் பக்கத்திலிருந்தும் கடற்காற்று ஈரத்துடன் உள்நுழைந்து, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றை எதிர்கொள்ள, இரண்டும் சந்திக்குமிடத்தில் மேகம் கோபுரம் கோபுரமாக எழும்புகிறது. நகரி மலைப்பக்கத்திலும் திருத்தணிப் பக்கத்திலும் மாலையில் பிறக்கும் இடிமேகங்கள் இரவில் கிழக்கே நகர்ந்து நம்மேல் பொழிகின்றன. மேற்குக்காற்று அளவுக்கு மீறி வலுத்தால், கடற்காற்று உள்ளே வர இயலாமல் கரையிலேயே நின்றுவிடும். அப்போது நமக்கு மழையில்லை, வெந்தணல்தான். மேற்குக்காற்று தளர்ந்தால், கடற்காற்று முற்பகலிலேயே உட்புகும். மழைக்கு வழி பிறக்கும்.

இதிலிருந்து ஓர் அதிசயமான உண்மை பெறப்படுகிறது. மத்திய இந்தியாவில் பருவமழை இடைநின்று, மழைப்பட்டை இமயமலை அடிவாரத்துக்கு ஒதுங்கும் நாட்களில், வடதமிழகத்தில் மழை மிகுவது வழக்கம். நாட்டுக்கு வறட்சியான நாட்கள் நமக்கு ஈரமான நாட்களாக இருக்கக்கூடும். 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எல் நினோ எழுந்த அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், 1901 முதல் உள்ள கணக்கில் நாட்டின் மிக வறண்ட ஆகஸ்டாக முடிந்தது. பருவம் முழுவதற்குமான மழை இயல்பில் 94 விழுக்காடே. ஆனால் சென்னையிலோ அப்பருவத்தில் இயல்பைவிட வெகு மிகுதியாகப் பெய்தது. ஜூன் 19 அன்று பெய்த பெருமழையைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். சொர்ணவாரி நெல்லை அறுவடைக்கு விட்டிருக்கும் பொன்னேரி வட்டத்து உழவருக்கு அந்த மழை நன்மையா தீமையா என்பது பெய்த நாளைப் பொறுத்தது. ஏரிக்கும் கிணற்றுக்கும் அது நன்மையே.

இரண்டாவது உண்மை இதனினும் முக்கியமானது. ஆடியில் நாட்டின் மழையைத் தடுக்கும் அதே எல் நினோ, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நமக்கு மழையைப் பெருக்கும் இயல்புடையது. அக்காலத்தில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வெம்மையுற்றிருக்க, கிழக்குப் பகுதியில் காற்று அமுங்க, வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று தமிழகக் கரையை நோக்கி வலுவாக வீசுகிறது. 2015-இல் தென்மேற்குப் பருவம் நாட்டில் 14 விழுக்காடு குறைந்தது. வடகிழக்குப் பருவமோ தமிழ்நாட்டில் இயல்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெய்து, டிசம்பர் முதல் நாளிலும் இரண்டாம் நாளிலும் சென்னையை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அடுத்த ஆண்டே பசிபிக் குளிர்ந்து, இந்தியப் பெருங்கடல் இருமுனையும் எதிர்த்திசையில் வலுத்தது. 2016-இன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. ஓராண்டு வெள்ளம், மறு ஆண்டு வறட்சி. இரண்டின் சுவடும் முன்னதாகவே கடலில் பதிந்திருந்தது.

இங்கும் விலக்குகள் உண்டு. 2021 லா நினா ஆண்டு. ஆயினும் வடகிழக்குப் பருவம் பெருமழையாகப் பொழிந்தது. 2018-இல் பசிபிக் மெல்ல வெம்மை கொள்ளத் தொடங்கியும் நம் மழை குறைந்தது. அதன் பயனாக 2019 ஜூனில் சோழவரம் உள்ளிட்ட ஏரிகள் அனைத்தும் ஏறக்குறைய வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. ஒரு புயல் எந்த நாளில் எங்கே திரும்பும் என்பதைக் கடலின் வெப்பம் முன்கூட்டிச் சொல்லிவிடாது. 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் நம் கரைக்கு அருகே மெல்ல நகர்ந்துகொண்டு இப்பகுதியை வெள்ளக்காடாக்கியது. கடல் வெம்மை அதற்கு வலிமை தந்தது, பாதையை வகுத்ததோ காற்று. கடலின் வெப்பம் சொல்வது நிச்சயத்தையன்று, சாத்தியத்தின் அளவை. இதை மறந்தால் விஞ்ஞானத்தை ஜோதிடமாக்கிவிடுவோம்.

மாறிவரும் கடல்

இவ்வளவும் கடல் தன் இயல்பில் ஊசலாடுவதால் உண்டாகும் விளைவு. இந்த ஊசலாட்டத்தின் அடியில் மற்றொரு மாறுதல் நடந்துகொண்டிருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி 1951 முதல் 2015 வரையிலான காலத்தில் ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் வெம்மை ஏறியிருக்கிறது என்று மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. காற்று ஒரு டிகிரி வெம்மை கூடினால் ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும்; ஆகவே பெய்யும்போது பெருமழையாகப் பெய்வதற்கு ஏது உண்டாகிறது. அதே சமயம் கடல் வெம்மையேறிவருவதால், நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலுள்ள வெப்ப வேற்றுமை குறைந்து, பருவக்காற்றின் இழுப்பு தளர இடமுண்டு என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். மழை நாட்கள் குறைந்து, பெய்யும் நாளில் கொட்டித் தீர்க்கும் காலம் வருமாயின், சேமிக்கும் இடமும் சேமிக்கும் ஒழுங்கும் உள்ள ஊரே பிழைக்கும்.

இவ்வட்டாரத்துக்கு மேலும் ஓர் அபாயம் உண்டு. மழை குறைந்த ஆண்டுகளில் ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகைகளின் நிலத்தடி நீரையே நகரமும் தொழிற்சாலைகளும் கழனிகளும் ஒருங்கே இறைக்கின்றன. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுத் தொகுதிகள் பல ஆண்டுகளாக அதற்குப் பயன்பட்டு வந்தன. இறைத்த அளவு ஊறாதபோது கடல்நீர் உட்புகுந்து, மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் பல உவர்த்துப்போயின. கடலின் வெப்பம் மழையைத் தடுக்க, மழையின்மை கிணற்றை வற்றச் செய்ய, வற்றிய கிணற்றில் கடலே வந்து நுழைவது எவ்வளவு கொடிய சுழற்சி! கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் தொழிற்சாலைகளும், கடல்நீரிலிருந்து நாள்தோறும் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுப்பதற்காகக் காட்டுப்பள்ளியில் 2010-இல் திறக்கப்பட்ட ஆலையும் இச்சூழலின் நடுவில்தான் அமைந்திருக்கின்றன. கடல்நீரைக் குடிநீராக்குவது அவசியமான காலத்தில் அவசியமே. ஆனால் வானம் இலவசமாகத் தரும் நன்னீரை ஏரியில் இடமின்றிக் கடலுக்கு ஓடவிட்டு, பின் அதே கடலிலிருந்து மின்சாரம் செலவழித்து நன்னீர் எடுப்பது விவேகமாகாது.

நாம் செய்யவேண்டுவன

முன்னறிவு இன்று நம் வாசலுக்கே வந்திருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடல்களில் மிதவைகளை நிறுத்தி வெப்பநிலையை அளந்து வருகிறது. உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள் பத்து நாட்களுக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறி, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகின்றன. இந்திய வானிலைத் துறை ஏப்ரலில் தென்மேற்குப் பருவத்தின் முன்னறிவிப்பை வெளியிட்டு, மே இறுதியில் அதைத் திருத்தித் தருகிறது. வடகிழக்குப் பருவத்துக்குரியது செப்டம்பர் இறுதியில் வருகிறது. பசிபிக்கின் போக்கைப் பற்றி ஏப்ரலுக்கு முன் சொல்லப்படுவதைவிட ஜூனில் சொல்லப்படுவது மிகுதியும் நம்பத்தக்கது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். இச்செய்திகள் பத்திரிகைகளில் வருகின்றன, படிக்கிறோம், மடித்து வைத்துவிடுகிறோம். அவற்றைச் செயலாக மாற்றும் ஏற்பாடு ஊர்தோறும் வேண்டும் என்பதே என் வேண்டுகோளின் சாரம்.

பசிபிக்கும் மேற்கு இந்தியப் பெருங்கடலும் வெம்மையுறுகின்றன என்ற செய்தி ஆனியில் வந்தால், கிருஷ்ணை நீர் குறையலாம், வடகிழக்கு மழை மிகலாம் என்று கொண்டு, வரத்துக் கால்வாய்களையும் கலங்கலையும் மதகுகளையும் ஆவணிக்குள் செப்பனிட்டு, உபரிநீர் செல்லும் வழிகளிலுள்ள ஆக்கிரமிப்புகளை நீக்கிவிடவேண்டும். கடல்கள் எதிர்த்திசையில் மாறுகின்றன என்ற செய்தி வந்தால், ஆடி ஆவணியில் கிடைக்கும் இடிமழையின் ஒவ்வொரு துளியையும் கிருஷ்ணை நீரையும் சேர்த்துவைத்து, தண்ணீர் மிகுதியாக வேண்டும் நவரைப் பயிரைச் சுருக்கி, தொழிற்சாலைகள் மறுசுத்திகரித்த நீரைப் பயன்படுத்துமாறு முன்கூட்டியே ஏற்பாடு செய்யவேண்டும். எது வந்தாலும், ஏரி வற்றியிருக்கும் கோடையில் தூர் வாருவது தவறலாகாது. சோழவரம் ஏரி நிரம்பி வழியும் வருஷத்தில் வறட்சியை நினைப்பதும், வறண்டு கிடக்கும் வருஷத்தில் வெள்ளத்தை நினைப்பதும் நம் நிர்வாகத்தின் வழக்கமாக வேண்டும். ஏரி என்பதே ஒரு பருவத்தின் மிகுதியை மறு பருவத்தின் குறைவுக்கு ஈடாக வைக்கும் அமைப்பு. கடலின் ஊசலாட்டத்துக்கு நம் முன்னோர் கண்ட விடை அதுதான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பள்ளியில் ஒரு மழைமானியை வைத்து நாள்தோறும் அளந்து எழுதுங்கள். அதன் அருகே, பசிபிக்கும் இந்தியப் பெருங்கடலும் அம்மாதம் எந்த நிலையில் இருந்தன என்பதையும் ஏரியின் நீர்மட்டத்தையும் குறித்து வையுங்கள். வாக்கர் பல ஆண்டுகள் எழுத்தர்களை வைத்துச் செய்த வேலையை உங்கள் ஊரளவில் நீங்களே செய்யலாம். பதினைந்து இருபது ஆண்டுக் கணக்கு சேர்ந்தால், சோழவரத்து மழையைப் பற்றிச் சோழவரத்தாரே அதிகாரத்துடன் பேச முடியும். ஊராட்சி மன்றத்தாருக்கும் உழவர்களுக்கும் தொழிற்சாலை நிர்வாகிகளுக்கும் என் விண்ணப்பம்: ஆண்டுதோறும் மே இறுதியில் வானிலைத் துறையின் அறிவிப்பு வந்த வாரமே ஒன்றுகூடி, அதைப் படித்து, அவ்வாண்டு ஏரிக்கும் கால்வாய்க்கும் கிணற்றுக்கும் செய்யவேண்டியதைத் தீர்மானித்து, தீர்மானித்ததை ஆடி பிறப்பதற்குள் செய்யத் தொடங்குங்கள். கடலைத் திருத்த நம்மால் ஆகாது. ஏரியைத் திருத்த ஆகும்.